எட்டாம் பீட்டில் இரண்டு செங்கேணி

போர்டில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள். ‘தபால் திருட்டு, ஆள்மாறாட்டம்: தற்காத்துக்கொள்வது எப்படி?’ அதற்குக் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை மட்டும் போட்டுப் பக்கத்தில் காலியாக விட்டிருக்கிறீர்கள். இந்தக் கிழவி சொல்லச் சொல்ல நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைப்பு போலிருக்கிறது. நல்ல நினைப்புதான். ஆனால் மாடிப்படி ஏறி வந்ததிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன். அந்தக் கடைசி பெஞ்சில் வாட்சைப் பார்க்கிற தம்பி, நீ தாராளமாகப் பார். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும்.

திருடன் என்றதும் நீங்கள் யாரை நினைப்பீர்கள் என்று தெரியும். நானும் தபால் ஆபீஸ் வேலைக்கு வந்த புதிதில் அவனைத்தான் நினைத்தேன். எழுபதுகளில் அப்படி ஒருவன் இருந்தான். நீளக் குச்சியின் நுனியில் பசையைத் தடவி, தெருமுனைத் தபால் பெட்டிக்குள் விட்டுக் கவர்களை ஒட்டி எடுப்பான். பிரான்சிலிருந்து சொல்தா வீடுகளுக்குக் கடுதாசி வருகிறதே, அதாவது அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள் வீடுகளுக்கு, அதற்கு அவர்கள் எழுதும் பதிலில் ஏதாவது பத்திரம் இருக்கும் என்று அவனுக்கு ஒரு கணக்கு. பெட்டியின் வாய்க்குள் ஒரு தகரத் தட்டு வைத்தோம். அதோடு அவன் கதை முடிந்தது. வெளியிலிருந்து வருகிற திருடனுக்கு ஒரு தகரம் போதும். அவனைப் பற்றி எழுதிக்கொள்ள வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள், முதல் எண்ணுக்கு ஆகும்.

என்னை இத்தனை வருஷம் தூங்கவிடாமல் செய்தது அவன் இல்லை. எங்கள் பையில் சரியாகப் போய், சரியான வீட்டுக்கு, சரியான பெயருக்கு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த ஒரு பதிவுத் தபால். விதிப்படி பார்த்தால் அதில் ஒரு குறையும் கிடையாது. அப்புறம் ஏன் கிழவி புலம்புகிறாள் என்றால், கேளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். டெலிவரியும் அது சம்பந்தப்பட்ட புகார்களும் என் பொறுப்பு. ஒரு மத்தியான நேரம் ஒரு பெண் கவுண்டருக்கு வந்தாள். மீன் கூடையை வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டு, குழாயடியில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். இருபது வயசு இருக்கும். நெற்றியெல்லாம் வேர்வை.

“எனக்கு வந்த ரிஜிஸ்தரை யாருகிட்ட குடுத்தீங்க?” என்று கேட்டாள்.

அன்றைக்குப் புகார் சொல்ல வந்தவர்கள் ஏற்கெனவே என் மண்டையைக் காயவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சிடுசிடுவென்றுதான் கேட்டேன், என்ன பேர், எங்கிருந்து வர வேண்டியது என்று. பெயர் கே. செங்கேணி. குருசுக்குப்பம். வர வேண்டியது, அவள் மனுப் போட்டிருந்த நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்த உத்தரவு. பள்ளியைச் சேர்ந்தவர்கள் இங்கே உட்கார்ந்திருந்தாலும் இருக்கலாம், அதனால் எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை.

ரசீதுக் கட்டைத் தேடி எடுத்தேன். அந்த உத்தரவு வந்து பல நாளாகியிருந்தது. எட்டாம் பீட். அதாவது எட்டாம் எண் தபால்காரர் தினமும் சுற்றுகிற தெருக்கள். ரசீதில் ‘கே. செங்கேணி’ என்று அழகாகக் கையெழுத்து இருந்தது.

“நீயே வாங்கியிருக்கியேம்மா. கையெழுத்து போட்டிருக்கியே!”

“நான் போடலைங்க. அந்த நேரத்துல நான் வூட்லயே இருக்க மாட்டேன். விடியறதுக்குள்ள கரைக்குப் போயிடுவேன். எங்க கரையில மீனு கம்மின்னா பிள்ளைச்சாவடி வரைக்கும் போவேன். வாங்கிக்கினு வந்து தெருத்தெருவா வித்துட்டு வூடு திரும்பறப்ப சாயங்காலம் ஆயிடும்.”

“அப்ப இந்த செங்கேணி யாரு?”

அவள் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். “எங்க வூட்ல ரெண்டு செங்கேணி.”

உங்கள் வீட்டிலும் இப்படி இருக்கும். அண்ணன் தம்பி இரண்டு பேரும் தங்கள் தாயின் பெயரைத் தங்கள் மகள்களுக்கு வைத்துவிடுவார்கள். பெரியவர் காத்தவராயன், அவருடைய மகள் பெரிய செங்கேணி. தம்பி கலியபெருமாள், அவருடைய மகள் சின்ன செங்கேணி. இங்கிலீஷில் இரண்டு அப்பாவுக்கும் ஒரே கே. தம்பி கட்டுமரத்தில் போனவர் திரும்பவில்லை. அவர் பெண்டாட்டி அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். அதிலிருந்து சின்னவளும் பெரியப்பா வீட்டில்தான். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். பெரியவள் பத்தாவதில் நல்ல மார்க். சின்னவள் தேறவில்லை. நல்ல மார்க் வாங்கியவள் கூடையைத் தூக்கினாள், ஏனென்றால் அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. தேறாதவள் வீட்டைப் பார்த்துக்கொண்டாள்.

என் முன்னால் நின்றது பெரியவள்.

கூடப் படித்த ஒருத்தி தெருவில் மீன் வாங்கும்போது சொல்லித்தான் இவளுக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. “லிஸ்ட்ல உம்பேரு இருந்துச்சே! நீ சேர்ந்துட்டன்னுல்ல சொன்னாங்க!” என்றாளாம். இவள் கூடையோடு பள்ளிக்கு ஓடியிருக்கிறாள். வாசலில் இருந்த காவல்காரர், செங்கேணி உள்ளே வகுப்பில் இருக்கிறாள், நீ யார் என்று கேட்டிருக்கிறார். தலைமை மசேரிடம் கூட்டிப்போயிருக்கிறார்கள். நம் ஊரில் கன்னியாஸ்திரீயை மசேர் என்றுதானே சொல்வோம். அந்த மசேர் நியாயமாகத்தான் பேசியிருக்கிறார். கடுதாசியும் மார்க் புத்தகமும் கொண்டு வந்தவளைச் சேர்த்துக்கொண்டேன், நீ வெறுங்கையோடு வந்து நான்தான் செங்கேணி என்றால் எப்படி நம்புவது, தபால் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று தபால் ஆபீசில் எழுதி வாங்கிக்கொண்டு வா.

“தங்கச்சி எங்கேன்னு கேட்டா, கடலூர்ல அத்தை வூட்ல தையல் கத்துக்கப் போயிருக்குதுன்னு எங்கப்பா சொன்னாருங்க. நானும் நம்பினேன். பொட்டியில பாத்தா எம் மார்க்கு புத்தகத்தக் காணோம்.”

மார்க் புத்தகத்தில் போட்டோ கிடையாதா, அங்க அடையாளம் கிடையாதா என்று கேட்பீர்கள். போட்டோ கிடையாது. அங்க அடையாளம் இருந்தது. வலது கையில் ஒரு மச்சம். அந்த வாத்தியார் வகுப்பு முழுவதற்கும் அதையேதான் எழுதியிருந்தார், புண்ணியவான்.

இப்போது நீங்கள் என் நாற்காலியில் உட்காருங்கள். என்ன எழுதிக் கொடுப்பீர்கள்? ‘முகவரியில் உள்ள பெயருடைய நபரிடம் கையெழுத்துப் பெற்று ஒப்படைக்கப்பட்டது.’ ஒரே வரி. ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. சின்னவள் பெயரும் கே. செங்கேணிதான், வீடும் அதுதான். ஆபீஸுக்கும் கெட்ட பெயர் இல்லை, எட்டாம் பீட் அண்ணனுக்கும் ஆபத்தில்லை. அந்த வரியோடு இந்தப் பெண்ணின் படிப்பு போய்விடும், அவ்வளவுதான். காகிதத்தைக்கூட எடுத்துவிட்டேன். அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேனாவை மூடி வைத்தேன். “எழுதித் தர மாட்டேன். நாளைக்கு நானே தபால்காரரை அந்தப் பள்ளிக்குக் கூட்டிக்கிட்டு வரேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நல்ல மனசு என்றெல்லாம் நினைக்காதீர்கள். என்ன செய்வதென்று தெரியாதபோது நாளைக்கு என்று சொல்வது நம் ஆபீஸ் பழக்கம். அன்றைக்கு அது நல்லதாய் முடிந்தது.

எட்டாம் பீட் அண்ணனைப் பற்றி இரண்டு வார்த்தை. அவர் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. என்னைவிட மூத்தவர். ஓய்வுக்குக் கிட்டத்தில் இருந்தார். ஒரு கடுதாசியைத் தவறவிட்டார் என்று அவர்மேல் ஒரு புகார் வந்தது கிடையாது. தெருவில் நாய்க்குக்கூட அவரைத் தெரியும். புதிதாக வருகிற தபால்காரர்களை அவரோடு சுற்றி வரச் சொல்லித்தான் நான் அனுப்புவேன். மறுநாள் காலையில் அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது சிரித்தார்.

“அட போங்க மேடம்! செங்கேணிய எனக்குத் தெரியாதா? நாலு வருசமா என் கையால வாங்குது. ‘இன்னா தபால்காரரே, எங்களுக்கு ஒண்ணும் இல்லியா’ன்னு வாசல்லயே நிக்கும்.”

இரண்டு பேரும் நடந்தே போனோம். பள்ளி வாசலில் பெரிய செங்கேணி நின்றிருந்தாள். அன்றைக்குக் கூடை இல்லை. அண்ணன் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “ஏம்மா, இன்னிக்கி சங்கரா இல்லியா? இங்க இன்னா பண்ற, ஆஸ்டலுக்கு மீனு போடறியா?” என்று கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இவருக்கு இவள் வெறும் மீன்காரிதான், பெயர்கூடத் தெரியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரிடம் பேச வாயெடுப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

மசேர் அறையில் சின்ன செங்கேணி வெள்ளைச் சேலையில், தலை குனிந்து நின்றாள். பக்கத்தில் காத்தவராயன். பெரிய ஆள், கையெல்லாம் வலை இழுத்த காய்ப்பு. மசேர் ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார்.

மசேர் அவரைத்தான் முதலில் கேட்டார். “இதுல உங்க பொண்ணு யாரு?”

அவர் சின்னவள் தோளில் கை வைத்தார். “இதாம்மா எம் பொண்ணு.”

“அப்ப அது?”

“அது எந் தம்பி மவ. அவன் போயிட்டான். நாந்தான் வளத்தேன்.”

என் காதுகளை என்னால் நம்ப முடியவில்லை. பெற்ற மகளைப் பத்தடி தூரத்தில் நிறுத்திவைத்துவிட்டு ஒரு மனுஷன் இப்படிச் சொல்வானா? குரல்கூட நடுங்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். பெரியவள் அவரை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

மசேர் எட்டாம் பீட் அண்ணன் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. இந்த ரெண்டு பேர்ல செங்கேணி யாரு?”

அண்ணன் சின்னவளைக் காட்டினார். “இந்தப் பொண்ணுதாம்மா. நாலு வருசமா நாந்தான் கடுதாசி குடுக்கிறேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. பொய் சொல்கிறவனை மடக்கிவிடலாம். தான் கண்டதைக் கண்டபடி சொல்கிற நல்ல மனுஷனை என்ன செய்வீர்கள்? அப்பா சொல்லிவிட்டார், தபால்காரர் சொல்லிவிட்டார். நம் ஊரில் அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? தபால்காரர் கை காட்டினால் பாங்கில் கணக்குத் திறப்பார்கள், கோர்ட்டில் ஏற்றுக்கொள்வார்கள். மசேர் மேஜை மேலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். “பொய் சொல்லி வந்திருக்கே. போலீசுக்குச் சொல்லாம விடறேன். போ” என்று பெரியவளைப் பார்த்துச் சொன்னார்.

அப்போதுதான் அவள் பேசினாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாம் பீட் அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“அண்ணே, நாலு வருசமா எங்கிட்ட மீனு வாங்கறீங்க. உங்க பேரனுக்கு முள்ளு இல்லாம ஆஞ்சி குடுத்திருக்கேன். எம் பேரு இன்னான்னு ஒரு நாளு கேட்டிருக்கீங்களா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை என்னால் சொல்லிக்காட்ட முடியாது. சரியென்று நாலு வருஷம் செய்ததெல்லாம் அந்த நிமிஷத்தில் அவருக்குக் கையைவிட்டுப் போயிற்று.

பிள்ளைகளே, அந்த இடத்தில் அவர் சும்மா இருந்திருக்கலாம். நான் உட்பட யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டோம். சொன்னதை மாற்றினால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பதிவுத் தபாலை ஆள் தெரியாமல் கொடுத்தார் என்று எழுதுவார்கள். ஓய்வு பெறும் நேரத்தில் அந்தக் கறை. எனக்கும் சேர்த்துத்தான்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அம்மா, நான் இப்ப சொன்னத எழுதிக்காதீங்க” என்றார். “யாரு கை நீட்டி வாங்கினாங்கன்னுதான் எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணுதான் வாங்குச்சு. அது காத்தவராயன் பொண்ணா, தம்பி பொண்ணான்னு எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்ல. செங்கேணியான்னு கேட்டேன், ஆமான்னுச்சு, குடுத்துட்டேன்.”

மசேருக்குக் கோபம். “ஒரு நிமிஷம் முன்னாடி வேற மாதிரி சொன்னீங்களே?”

“ஆமாம்மா. ஒரு நிமிஷம் முன்னாடி எனக்குத் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

அதற்குப் பிறகுதான் எனக்கு நாக்கு அசைந்தது. யாரையும் இன்றைக்கு வெளியே அனுப்ப வேண்டாம், யாரையும் இன்றைக்கு உள்ளேயும் வைக்க வேண்டாம், இவர்கள் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சரை வரச் சொல்லுங்கள், அதுவரை பொறுங்கள் என்று மசேரிடம் கேட்டுக்கொண்டேன். இதை முதலிலேயே யாராவது யோசித்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றாது. பெற்ற அப்பா எதிரில் நின்று சொல்லும்போது டீச்சரைத் தேட யாருக்கும் தோன்றாது.

டீச்சர் வந்த அன்று நானும் போயிருந்தேன். வயசான அம்மாள். குடையை மடக்கிக்கொண்டே வராந்தாவில் ஏறினார். பெரியவள் தூண் ஓரமாக நின்றிருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. டீச்சர் அவளைப் பார்த்ததும், “ஏண்டி செங்கேணி, இன்னாடி இப்பிடி இளைச்சிட்ட? நானூத்துச் சொச்சம் மார்க்கு வாங்கிட்டு மீனா விக்கிற!” என்று கத்தினார். மார்க் நிஜமாகவே எவ்வளவு என்று எனக்கு ஞாபகமில்லை, டீச்சர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். ஆனால் அதோடு விஷயம் முடிந்தது. சின்னவள் அங்கேயே உட்கார்ந்து, “பெரியப்பாதான் போன்னாரு, பெரியப்பாதான் போன்னாரு” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மசேர் போலீசைக் கூப்பிடுவதாகச் சொன்னார். பெரியவள்தான் கேஸ் வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

காத்தவராயன் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவள். நேராகப் போய், “நீங்கல்லாம் ஒரு அப்பாவா?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் நிமிராமலே சொன்னார். “கடல்ல போறதுக்கு முன்னாடி எந் தம்பி இத எங்கையில புடிச்சிக் குடுத்துட்டுப் போனாம்மா. இது ஒண்ணுத்துக்கும் ஆவாது. படிப்பு ஏறல, கூடையும் தூக்கத் தெரியாது. நாஞ்செத்தா இதுக்கு நாதி கெடையாது. எம் பொண்ணு எங்கப் போட்டாலும் பொழைச்சிக்கும். இது பொழைக்காதும்மா.” கொஞ்சம் பொறுத்து, “வூட்டுக்கு வந்த கடுதாசிதானே. ரெண்டும் எங்கம்மா பேருதானே. யாரு போனா இன்னா?” என்றார்.

அறைய வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்துவிட்டேன். பெற்ற பெண்ணிடமே திருடிய திருடனைத் திட்டலாம் என்று போனால், அங்கே தம்பிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற ஒருவன் உட்கார்ந்திருந்தான். இவனுக்கு எந்தத் தகரத்தை வைத்து அடைப்பது? கெட்டிக்காரப் பிள்ளை தாங்கிக்கொள்ளும் என்று அதன் பங்கை எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்காத வீடு நம் பக்கத்தில் எத்தனை இருக்கிறது? அவர் தபாலிலும் அதையே செய்தார்.

எட்டாம் பீட் அண்ணன் தன் வாக்குமூலத்தைத் தானே எழுதிக்கொண்டு வந்தார். “பெயர் கேட்டேன், ஆளை விசாரிக்கவில்லை” என்று எழுதியிருந்தார். செக்ஷனில் எல்லாரும் அவரைத் திட்டினார்கள். பெயரும் சரி, வீட்டு விலாசமும் சரி, உம்மேல் என்னய்யா தப்பு, கிழித்துப் போடு என்றார்கள். “பேரு சரிதாம்ப்பா. ஆளு தப்பு” என்று மட்டும் சொன்னார். அவருக்கு இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள். சரியாக மேற்பார்வை பார்க்கவில்லை என்று எனக்கு ஒரு மெமோ. அதை நான் வீட்டில் இன்னும் வைத்திருக்கிறேன். எனக்கு வந்த பாராட்டுக் கடிதங்கள் எங்கே போயினவென்று தெரியவில்லை.

பள்ளியில் பழைய சேர்க்கையை ரத்து செய்து, பெரியவளுக்குப் புது உத்தரவு அனுப்புவதாகச் சொன்னார்கள். மறுபடியும் பதிவுத் தபாலில்தான். அதற்கு மேலிடத்தில் கையெழுத்தாக வேண்டும், நாளாகும். இரண்டு நாள் கழித்து அவள் கவுண்டருக்கு வந்தாள். வாசலில் கூடை, குழாயடியில் கை கழுவல், எல்லாம் பழையபடிதான்.

“எனக்கு வர்ற எதையும் வூட்டுக்கு அனுப்பாதீங்க. இங்கயே வச்சிருங்க. நானே வந்து வாங்கிக்கறேன்.”

அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. வெளியூரிலிருந்து வந்து தங்குகிறவர்களுக்கு உரியது. பழைய ஆட்கள் ‘போஸ்ட் ரெஸ்தாந்த்’ என்பார்கள். வெள்ளைக்காரப் பயணிகள்தான் அதில் வந்து வாங்குவார்கள். சொந்த ஊரில், சொந்த வீடு நடக்கிற தூரத்தில் இருக்கும்போது அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். நான் ஏன் என்று கேட்கவில்லை. எழுதிக்கொண்டேன்.

அந்த வீட்டில்தான் அவள் தினமும் படுத்து எழுந்தாள், அதையும் மறந்துவிடாதீர்கள். அதே அப்பாவுக்குச் சோறு போட்டாள், அதே தங்கச்சி பக்கத்தில் படுத்தாள். மீன் விற்று முடித்ததும் நேராகக் கவுண்டருக்கு வருவாள். “எனக்கு ஏதாச்சும்?” என்பாள். இல்லை என்று தலையை ஆட்டுவேன். போய்விடுவாள். மழையில்கூட வந்தாள். தபால் பிரிக்கிற சார்ட்டிங்கில் இருந்தவர்கள் எல்லாம் காலையில் பை பிரித்ததும் முதலில் அவள் பெயரைத்தான் தேடுவார்கள்.

ஒரு நாள் வந்துவிட்டது. அன்றைக்கு எட்டாம் பீட் அண்ணன் டெலிவரியை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். “இத நானே குடுக்கறேன் மேடம்” என்றார். கவுண்டர் நாற்காலியில் அவருக்கு இடம் விட்டேன்.

அவள் வந்தாள். கை கழுவினாள். கவுண்டரில் அவரைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கினாள். கவர் அவர் முன்னால் இருந்தது, அவளுக்கும் அது தெரிந்தது. ஆனால் அவர் உடனே எடுத்து நீட்டவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அவளிடம் அதுவரை ஒரு நாளும் கேட்காததைக் கேட்டார்.

“பேரு?”

“செங்கேணி.”

“அப்பா பேரு?”

அவள் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் சீக்கிரம் ஆகட்டும் என்றார். நான் அவரை முறைத்தேன்.

“காத்தவராயன்” என்றாள். அப்புறம் மெல்ல, “அவரக் கேட்டா இல்லம்பாரு. ஆனா அதான் எங்கப்பா பேரு” என்றாள்.

எட்டாம் பீட் அண்ணன் ரசீதைத் திருப்பி வைத்து அவளிடம் கையெழுத்து வாங்கினார். வாங்குபவரை அடையாளம் காட்டுகிறவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், தானே குனிந்து, ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று எழுதி, தன் முழுப் பெயரையும் போட்டுக் கவரை அவள் கையில் கொடுத்தார்.